வெண்பன்றி வளர்ப்போர் சங்கம்: பதிவில் எங்கே சிக்கினோம்

2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்து, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானபோது, கூடலூர்ப் பக்கம் பன்றி வளர்க்கும் எங்கள் சார்பில் அதிகாரிகளிடம் பேச ஒருவரும் இல்லை. அந்நோய்க்கு மருந்து கிடையாது. இங்கே தடுப்பூசியும் கிடையாது. ஒரு கொட்டிலில் கண்டுவிட்டால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகள் அனைத்தையும் அழித்துவிடுவார்கள் என்பதை அதற்கு முந்தைய ஆண்டே வயநாட்டில் பார்த்திருந்தோம். சங்கம் தொடங்க வேண்டும் என்ற பேச்சு அப்படித்தான் வலுத்தது.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆள் சேர்ப்பதிலும் தீர்மானம் போடுவதிலும் சிரமமே இல்லை.

சிரமம் முகவரியில் தொடங்கியது. சங்க அலுவலகத்துக்குக் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வரி ரசீதும் பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள். கீழ்நாட்டில் இது ஒரு பொருட்டே அல்ல. இங்கேயோ, 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற நில உரிமை) நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களுக்குப் பட்டா கிடையாது. எங்களில் பலர் குடியிருப்பது அத்தகைய நிலத்தில்தான். பஜாரில் வாடகைக்கு அறை கேட்டுப் போனால், முன்பணம் வரை பேசி முடித்த ஒருவர், "போர்டில் பன்றி என்று இருக்கக் கூடாது, கோழி என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். (அவர் வீட்டு விருந்துகளுக்கு இறைச்சி எங்கிருந்து போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.) கடைசியில், பட்டா நிலத்தில் தையல்கடை வைத்திருக்கும் உறுப்பினரின் மைத்துனர் கடிதம் கொடுத்தார்.

அடுத்தது பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள். தீவனத்தை மொத்தமாக வாங்கி விற்று லாபத்தைப் பகிர்ந்துகொள்வது என்ற வரியை, வேறு ஏதோ சங்கத்தின் படியிலிருந்து பத்திர எழுத்தர் எடுத்து ஒட்டியிருந்தார். நடுவட்டம் வழியாக மலையேறிப் பதிவு அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்தால், அது திரும்பிவந்தது. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, வேறொன்றும் இல்லை. அலுவலக எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமல் "சரிசெய்து வாங்க" என்றார். எதைச் சரிசெய்வது என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. உறுப்பினர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகும் சங்கத்தின் வேலை அல்ல, அதற்குக் கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோதான் வழி என்பதை, ஓய்வுபெற்ற ஒரு பதிவுத்துறை ஊழியர் சொல்லித்தான் அறிந்தோம். ஆட்சேபம் சரியானதுதான், அதை மூடி வைத்து எங்களை மலைப்பாதையில் அலையவிட்டதைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை.

ஆகவே, மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். குறை இருந்தால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். நாங்கள் அடுத்த முறை அப்படிக் கேட்டதும் நாற்காலி கிடைத்தது. நோக்கங்களை, நோய்த்தடுப்புப் பயிற்சி, ஹோட்டல் கழிவைக் கொதிக்கவைத்த பிறகே தீவனமாக இடும் பழக்கத்தைப் பரப்புதல், தடுப்பூசி உள்ள மற்ற நோய்களுக்கு முகாம் ஏற்பாடு, அரசிடம் கோரிக்கை வைத்தல் என்று மாற்றி எழுதினோம். அதன்பின் ஒரு கேள்வியும் வரவில்லை.

சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வங்கியில் கணக்குத் தொடங்க அதற்கொரு நடை. ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். எங்கள் முதல் கடிதம், ஆப்பிரிக்கக் காய்ச்சல் அல்லாத இன்னொரு நோயான கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி முகாம் கேட்டு, கால்நடை மருந்தகத்துக்குப் போனது. ஊர்வாரியாகப் பன்றிகளின் எண்ணிக்கை கேட்டு டாக்டர் எங்கள் செயலாளரை அழைத்திருக்கிறார்; அந்தப் பட்டியலைத்தான் இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.