மந்திரத்துக்குச் செலவாகும் பொருளின் பெயர்

மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டுக்காக ஒரு கற்பனை உலகை அமைத்து அதில் நண்பர்களை ஆடவைப்பவர், மந்திரவாதிகள் செலவழிக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதை நான் கூர்ந்து கவனிப்பதுண்டு. ஆடுபவர் தம் கதாபாத்திரத்தின் திறன்களை எண்ணாகக் குறித்துவைக்கும் பாத்திரத் தாளில் உள்ள வலிமை, அறிவு, சுறுசுறுப்பு போன்ற பெயர்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவை நாம் அன்றாடம் மனிதர்களிடம் காணும் குணங்கள். மந்திர ஆற்றலை யாரும் கண்டதில்லை. அது எங்கிருந்து வருகிறது, யாருக்குச் சொந்தம், தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு ஆடுபவருக்குக் கிடைக்கும் முதல் விடை அதன் பெயர்தான். விதிநூல் பின்னால் எத்தனை பக்கம் விளக்கினாலும், முதலில் காதில் விழுந்த பெயர் சொன்னதையே அவர் நம்பி ஆடுவார். ஆகவே, அந்தப் பெயரும் அதன் வரவுசெலவுக் கணக்கும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று பல விளையாட்டுகளில் அந்தப் பெயர் மானா. பசிபிக் தீவுகளின் மொழிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும், இன்றும் உயிரோடிருக்கும் சொல் அது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடையே ஒருவருடைய மானா என்பது முன்னோர் வழியாகவும் சொந்தச் செயல்கள் வழியாகவும் அவரிடம் வந்து சேர்ந்த மதிப்பும் அதிகாரமும் ஆகும். ஒரு நிலப்பகுதியின்மேல் ஒரு குலத்துக்குள்ள உரிமையைச் சொல்லவும் அதே சொல் வருகிறது. மெலனீசியத் தீவுகளில் பணியாற்றிய ஆங்கிலேய மதபோதகர் ராபர்ட் ஹென்றி காட்ரிங்டன், 1891இல் வெளியிட்ட நூலில் இதை இயற்கைக்கு அப்பாற்பட்டதொரு வலிமையாக விவரித்தார். அதைப் படித்த ஐரோப்பிய அறிஞர்கள், குறிப்பாக மார்செல் மோஸும் ஆன்றி யூபேரும், உலகின் மந்திர நம்பிக்கைகளுக்கெல்லாம் அடிப்படையான பொதுக் கருத்தாக அதை உயர்த்தினார்கள். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1969இல் எழுதிய ஒரு சிறுகதையில் மானா தீர்ந்துபோகும் பொருளாக மாறியது. ஓரிடத்தில் மந்திரம் தொடர்ந்து நடந்தால் அங்குள்ள மானா வற்றிவிடும், பிறகு அங்கே எந்த மந்திரமும் பலிக்காது, மந்திரவாதி வேறிடம் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான். அந்தக் கதையில் மந்திரத்தால் ஒரு தட்டு மேலும் மேலும் வேகமாகச் சுழன்றுகொண்டே போய், சுற்றியுள்ள மானா முழுவதையும் உறிஞ்சித் தீர்க்கிறது. மதிப்பு, அதிகாரம், முன்னோர் என்பவை எல்லாம் கழன்றுபோய், அளந்து செலவழிக்கத்தக்க எரிபொருளாக அந்தச் சொல் விளையாட்டுகளின் கைக்கு வந்து சேர்ந்தது.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993இல் உருவாக்கிய மேஜிக்: த கேதரிங் சீட்டாட்டத்தில் மானா ஐந்து நிறமுடையது, சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்ற நிலச் சீட்டுகளிலிருந்து அதைப் பெற வேண்டும். நிலத்தோடு கொண்ட தொடர்பு அங்கே ஓரளவாவது எஞ்சியிருக்கிறது என்பதால் எனக்கு அந்த ஆட்டத்தின்மேல் தனி மதிப்பு உண்டு. அதே பத்தாண்டில் வந்த டயாப்லோ என்ற கணினி விளையாட்டில் மானா திரையின் அடியில் நிற்கும் நீல உருண்டை. குறைந்தால் நீலக் குப்பியைக் குடித்து நிரப்பிக்கொள்ளலாம். கணினியில் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு மானா என்றதும் நினைவுக்கு வருவது அந்த நீலம்தான். நான் அமைக்கும் உலகங்களில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. வாழும் மக்களின் மதிப்புக்குரிய சொல்லைக் குப்பியில் அடைக்க எனக்கு மனம் வருவதில்லை என்பது ஒரு காரணம். அந்தக் குப்பியின் கணக்கையும் அது கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது என்பது மற்றொன்று.

மேசையில் ஆடும் பாத்திர விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974இல் வந்தபோது இப்படி ஒரு பொருளுக்கே இடம் தரவில்லை. எழுத்தாளர் ஜாக் வான்சின் 1950ஆம் ஆண்டுக் கதைகளிலிருந்து, அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட முறை அது: மந்திரவாதி காலையில் மந்திரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்கிறார், சொன்னவுடன் மந்திரம் நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது. பின்னாளில் நிலைத்த ஸ்லாட் என்ற சொல், எத்தனை மந்திரங்களுக்கு இடமுண்டு என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. கணக்குக்கு அது மிகவும் கச்சிதமான சொல்தான். ஆனால் அந்த உலகில் வாழும் ஒரு கிழட்டு மந்திரவாதி தன் சீடனிடம் "எனக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு மிச்சமிருக்கிறது" என்று சொல்வதைக் கற்பனை செய்துபாருங்கள். பேச்சு கதைக்குள்ளிருந்து வெளியே விழுந்துவிடும். ஆடுபவர் மட்டும் சொல்லக்கூடிய பெயர், பாத்திரமும் சொல்லக்கூடிய பெயர் என்று இருவகை உண்டு. கூடுமானவரை இரண்டாவதையே தேட வேண்டும்.

அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 1987இல் ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் உருவாக்கிய ஆர்ஸ் மேஜிகா. இடைக்கால ஐரோப்பாவின் மந்திரவாதிகளைப் பற்றிய ஆட்டம் என்பதால், அவர்கள் கல்வி கற்ற லத்தீன் மொழியிலிருந்தே பெயரை எடுத்திருக்கிறார்கள். வலிமை என்று பொருள்படும் விஸ் என்ற அந்தப் பொருளைக் கையில் எடுக்கலாம், சேகரிக்கலாம், கடன் கொடுக்கலாம், திருடலாம். ஆண்டுக்கொருமுறை ஒரு சோலையில் பூக்கும் மலரிலோ ஒரு விலங்கின் கொம்பிலோ அது தேங்கியிருக்கும். அதனால் இரண்டு மந்திரவாதக் குழுக்கள் அந்தச் சோலை யாருடையது என்று சண்டையிடுவதும், சமாதானப் பேச்சுக்கு உட்காருவதும் தாமாகவே கதையாகின்றன. உலகத்துக்குள் வாழ்பவர்கள் வாயாரச் சொல்லும் பெயர், உலகத்துக்குள்ளேயே கிடைக்கும் பொருளைக் குறிக்கிறது.

வேறு சிலர் உடம்பிலேயே விலை வைத்தார்கள். கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் எழுதிய டனல்ஸ் அண்ட் டிரோல்ஸில் மந்திரம் சொன்னால் வலிமை குறையும், ஓய்வெடுத்தால் திரும்பும்; புதிய பெயரே தேவைப்படவில்லை. 1989இல் வந்த ஷேடோரன், மந்திரம் உடம்பை உறிஞ்சுவதையே பெயராக்கி, வடிந்துபோதல் என்று பொருள்படும் டிரெயின் என்ற ஆங்கிலச் சொல்லை வைத்தது. 1978இன் ரூன்குவெஸ்டில் பவர் என்ற ஒரே பெயருக்கு இரண்டு வேலை. போரில் சொல்லும் சிறு மந்திரங்களுக்குச் செலவாகி மீண்டும் ஊறிவரும் பவரும், தெய்வத்திடம் பெருமந்திரம் பெறுவதற்காக நிரந்தரமாகத் துறக்க வேண்டிய பவரும் ஒன்றே. துறத்தல் என்பது அந்த உலகின் சமயத்துக்கு உயிர்நாடி. அதற்கும் அன்றாடச் செலவுக்கும் ஒரே பெயர் என்றால் அதன் கனம் குறைந்துபோகிறது. பிந்தைய பதிப்பு அன்றாடச் செலவுக்கு மேஜிக் பாயிண்ட் என்று தனிப்பெயர் கொடுத்துப் பிரித்தது. கேட்பதற்கு அது உப்புச்சப்பில்லாத பெயர்தான். ஆனாலும் பிரித்தது சரி என்றே நினைக்கிறேன். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கர்ப்ஸ் என்ற ஆட்டம் இன்னும் தெளிவானது. அதில் மானா என்பது இடத்தின் தன்மை: மானா இல்லாத ஊரில் எவருடைய மந்திரமும் பலிக்காது, மிகுந்த ஊரில் கற்றவர் எவரும் சொல்லலாம். சொல்பவர் செலவழிப்பதோ தம் உடம்பின் தெம்பை.

தமிழில் மேசை ஆட்டம் நடத்தும்போது இந்தக் கேள்வி புதிதாக எழுகிறது. ஆற்றல் என்று சொன்னால் பள்ளி இயற்பியல் பாடம் நினைவுக்கு வந்து, ஆக்கவோ அழிக்கவோ முடியாத ஒன்று என்ற விதியும் ஒட்டிக்கொள்கிறது. சக்தி மிக அகன்ற சொல். அம்மனுக்கும் மின்சாரத்துக்கும் உடல் தெம்புக்கும் அதுவே. சித்தர்கள் அடையும் அற்புதத் திறனான சித்தியைப் பெறலாம், ஆனால் செலவழித்துக் குறைக்க முடியாது. எண்ணிக்கையோடு அது சேராது. நான் எடுத்துக்கொண்ட பெயர் தவம். நம் கதைகளில் தவம் சேர்கிறது, பயன்படுகிறது, கரைகிறது. வால்மீகியின் பால காண்டத்தில் விசுவாமித்திரர் ரம்பையைக் கல்லாகும்படி சபித்துவிட்டு, கோபத்தால் தம் தவம் குறைந்ததை எண்ணி வருந்துகிறார். பெயரும் கணக்கும் ஒன்றாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அதனால் என் ஆட்டத்தில் தவம் தூங்கி எழுந்தால் திரும்பிவிடுவதில்லை. விரதமோ தனிமையோ மௌனமோ கடைப்பிடித்த நாட்களுக்கு மட்டுமே ஏறும். சினத்தில் இடும் சாபத்துக்கு இரட்டிப்பு விலை. தாளில் தவம் பதினான்கு என்றிருந்த ஒரு தோழி, தன் பாத்திரத்தின் குருவை அவமதித்த சிற்றரசனைச் சபிக்கப் பென்சிலை எடுத்தாள். எட்டைக் கழித்தால் ஆறு, ஆறு போனால் மழைக்கால விரதம் முழுவதும் வீண் என்று முணுமுணுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு, "அரசே, உம்மைப் பொறுத்தேன் என்பதை மட்டும் நினைவில் வையும்" என்றாள். அந்தத் தயக்கத்தை உண்டாக்க நான் ஒரு வார்த்தை கூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

இடத்தில் உறையும் வலிமைக்கு அணங்கு என்ற சங்கச் சொல் பொருந்துகிறது. மலையிலும் துறையிலும் தெய்வத்திடமும் உறைந்து, நெருங்குபவரை வருத்தும் வலிமை அது; "அணங்குடை முருகன் கோட்டம்" என்று புறநானூற்றின் 299ஆம் பாட்டு சொல்கிறது. இதை மந்திரவாதி எடுத்துச் செலவழிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறேன். அணங்குள்ள இடத்தில் தவம் உடையவர் தாங்குவார், இல்லாதவர் நோய்ப்படுவார், அவ்வளவுதான்.

அடியார் பாத்திரங்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது. அவர்களுக்கு உள்ளது வரம். அதற்குத் தாளில் எண் எழுதுவதில்லை. கொடுத்தவர் யார், எந்த நிபந்தனையோடு கொடுத்தார், நிபந்தனை மீறினால் எப்படித் திரும்பப் பெறப்படும் என்ற மூன்றையும் ஆடுபவரே தம் கையால் எழுத வேண்டும்.