ஃபிராங்க் சோனாட்டாவில் பியானோ வெறும் பக்கவாத்தியம் அல்ல

செசார் ஃபிராங்க் 1886-இல் எழுதிய ஏ மேஜர் சோனாட்டா (வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நான்கு பகுதிப் படைப்பு), வயலின் மேதை இசாயிக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு. ஆனாலும் இதை எடுக்கும் வயலின்காரர் முதலில் தேடவேண்டியது ஒரு தேர்ந்த பியானோக்காரரை. இரண்டாம் பகுதியைப் பாருங்கள்: பியானோவில் பதினாறாம் சுரங்கள் (வேகமான குறுஞ்சுரங்கள்) கொட்டிக்கொண்டிருக்க, மெட்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மெட்டுச் சுரங்களை மட்டும் தனியே எடுத்து வாசித்துப் பழகிவிட்டு, மற்றதை மிக மெல்லிசாகச் சேர்க்கவேண்டும். நேரே முழு வேகத்தில் இறங்கினால் வெறும் இரைச்சல்தான். வயலின் கீழ் ஸ்தாயியில் நுழையும்போது அது அமுங்கிப்போகும். அதற்காகப் பியானோ மூடியைச் சாத்துவார்கள். ஆனால் பெடலை, அதாவது ஒலியை நீட்டிக்கக் காலால் மிதிப்பதை, குறைப்பதே சரியான வைத்தியம்.

ஃபிராங்குக்குப் பெரிய கைகள். உங்கள் கைக்கு எட்டாத கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுரமாக உருட்டுங்கள். அடிச்சுரம் விழும்போதே பெடல் பிடிபட வேண்டும். தாமதித்தால் அடித்தளமே காணாமல் போய்விடும்.

முதல் பகுதி 9/8, அதாவது ஒரு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஒன்பது எண்ணிக்கை. நம் ஆட்கள் 'தகிட தகிட தகிட' என்று எண்ணிவிடுவார்கள், அது வசதிதான். ஆனால் ஒவ்வொரு 'த'விலும் வில்லை அழுத்தினால் இசை ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். ஒரு பாருக்கு ஒரே மூச்சு போதும். ஃபிராங்க் இதை மெதுவான பகுதியாகத்தான் நினைத்திருந்தார். இசாயி விரைவாக வாசித்த பிறகே அலெக்ரெட்டோ (மிதமான விரைவு) ஆனது. இழுக்காதீர்கள்.

சுருதி விஷயத்தில் சென்னைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பியானோவின் ஒலிப்பலகை ஈரம் வாங்கி உப்பும். நடு ஸ்தாயி சற்று ஏறிவிடும். ஏசி போட்டால் மறுபடி இறங்கும். ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டுவிட்டு, செல்போன் காட்டும் 440 ஹெர்ட்ஸ் பொதுச் சுருதியை விட்டு அந்தப் பியானோவின் 'ஏ'வுக்கே வயலினைச் சேருங்கள். கூடவே டி மைனர் கார்டும் வாசிக்கச் சொன்னால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் பகுதி தாளக்கட்டு தளர்ந்தது. ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கமகம் மட்டும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பகுதி கேனன்: பியானோ தொடங்கும் மெட்டை ஒரு பார் தள்ளி வயலின் தொடரும். இங்கே வழக்கமாகச் சறுக்குவது பியானோ. தன் வரி முடிகிறதென்று வேகத்தைத் தளர்த்துவார். வயலினோ இன்னும் வரியின் நடுவில் நிற்கும். பியானோக்காரர் வலதுகையில் தன் மெட்டை வாசித்துக்கொண்டே வயலின் வரியை வாயால் பாடிப் பழகினால் இது சரியாகிவிடும்.