சொறியும் பிளாந்தன்தான்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருகிற பட்டதாரிப் பிள்ளைகளிடம் விலங்குப் பிளாந்தன் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கடலுயிர்கள்" என்பார்கள். உயர்தரத்தில் மனனம் செய்தது. பரீட்சைக்கு அது காணும். திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் வலை இழுத்து, வந்ததை எண்ணிப் பதிகிற வேலைக்குக் காணாது.

1887இல் ஜெர்மானியரான விக்டர் ஹென்சன் பிளாந்தன் என்ற பெயரை வைத்தபோது, அலைந்து திரிவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். உடம்பு எவ்வளவு பெரிது என்பதல்ல அங்கே கேள்வி. நீரோட்டத்தை எதிர்த்துப் போக ஏலுமா, ஏலாதா? ஏலாதென்றால் நண்டு, இறால் சாதிச் சிற்றுயிரான ஒரு மில்லிமீற்றர் கோப்பெபொட்டும் பிளாந்தன், ஒரு முழம் அகலமான சொறியும், அதாவது ஜெலிமீனும், பிளாந்தன். நண்டு, இறால், முருகைக்கல் எல்லாம் குடம்பிப் பருவத்தில் இந்தக் கூட்டத்தில் அலைந்துவிட்டு, வளர்ந்ததும் விலகிவிடுகின்றன. கோப்பெபொட் சாகும்வரை இங்கேதான்.

எங்கள் வலை கூம்பு வடிவம். கண் 200 மைக்ரோமீற்றர். வாயில் எவ்வளவு நீர் புகுந்தது என்று காட்டும் மானி, நுனியில் ஒரு குப்பி. படகை மெதுவாக விட்டு இழுத்து, வலையை வெளிப்பக்கமிருந்து கழுவி, சேர்ந்ததைப் போத்தலில் ஊற்றி, நூற்றுக்கு நான்கு வீதம் ஃபோர்மலின் இட வேண்டும். கொஞ்சம் போரக்சும் சேர்ப்போம். இல்லாவிட்டால் நுண்ணிய ஓடுகள் கரைந்துவிடும்.

"என்ன தங்கச்சி, கஞ்சித் தண்ணி மாதிரிக் கிடக்கு. இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று படகோட்டி அண்ணன் கேட்டார். கைவில்லையைக் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார். "இறால் குஞ்சு!" என்றார். பிறகு அவர் அப்படிக் கேட்டதில்லை.

சண்டை வருவது சொறியால். சேர்ந்தது எவ்வளவென்று அறிய, அளவுகுழாயில் இட்டு நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது வழக்கம். சொறியின் உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்களவு நீர்தான். கை அகலத்தில் ஒன்று விழுந்தாலும் எண் எகிறிவிடும். அந்த எண்ணைக் கூட்டத்தில் காட்டினால், "இம்முறை மீனுக்குத் தீன் நிறைய" என்று யாராவது குறிப்பெடுத்துவிடுவார்கள். உண்மை நேர்மாறு. சொறி மீன்முட்டையையும் குடம்பியையும் கோப்பெபொட்டையும் தின்கிற சாதி. அதனால் பெரிய சொறிகளை எடுத்துத் தனியே அளந்து, தனி வரியில் எழுத வேண்டும். எடுத்துக் கடலில் எறிந்துவிட்டு எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு. கேட்டால், "அது பிளாந்தன் இல்லையே, இவ்வளவு பெரிசு" என்பார்கள். மனனம் செய்த வரி இங்கேதான் கணக்கைக் கெடுக்கிறது. அண்ணனுக்கு எந்த வரைவிலக்கணமும் தேவைப்படவில்லை. "சொறியை எழுதுங்கோ. அது கூடினால் எங்கட வலையும் சரிவராது" என்றார்.

இன்னொரு விசயம், நேரம். பக்கவாட்டில் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகிற இந்த உயிர்களில் பல, மேலும் கீழும் மட்டும் தம் விருப்பத்துக்குப் போய்வரும். பகலில் ஆழத்துக்கு இறங்கிப் பதுங்கும், இருட்டினதும் மேலே ஏறும். சில நூற்றுக்கணக்கான மீற்றர் தூரம், அதுவும் தினமும். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்குக் கரைக்கு மிகக் கிட்ட வந்துவிடுவதால் இறங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. பகல் வலையையும் இரவு வலையையும் ஒரே அட்டவணையில் போட்டு, கடல் வளம் கூடிவிட்டது என்று எழுதிய அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு ஒரு நிரல்கூட அதில் இல்லை.

மார்ச் தொடங்கித் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டார் வருகிற காலத்தில் கேள்வி வேறு பக்கமிருந்து வரும். படகில் கூட்டிப்போகிற தம்பிமார், நீலத்திமிங்கிலம் கிறில் என்ற இறால்போன்ற சின்ன உயிரைத் தின்னத்தான் வருகிறதென்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தாட்டிக் கடலுக்கு அது சரி. இலங்கைக் கடலில் திமிங்கிலத்தின் கழிவிலிருந்த மரபணுவைச் சோதித்து கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகத் தெரிந்தது செர்ஜெஸ்டிட் என்ற இறால் வகை. நாங்கள் சம்பலுக்கு வறுக்கிற கூனி இறாலின் சொந்தக்காரர். இதைச் சொன்னதும் ஒரு தம்பி, "அப்ப உங்கட போத்தலுக்குள்ள எவ்வளவு கிடக்கு அக்கா?" என்றான்.

அனேகமாக இல்லை. இந்த இறால்கள் பிளாந்தனுக்கும் நன்றாக நீந்தும் உயிர்களுக்கும் நடுவில் நிற்பவை. மெதுவாக வருகிற சின்ன வலையைக் கண்டால் விலகிவிடும். அவற்றைப் பிடிக்கப் பெரிய வாயும் பெரிய கண்ணும் உள்ள வலை வேண்டும், இரவில் வேகமாக இழுக்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. படிவத்தில் திமிங்கில உணவுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. சைபர் போடச் சொல்லுகிறார்கள். நான் வெறுமையாகவே விடுகிறேன்.