பாட்டு கேட்டால் சார்ஜ் நிற்பதில்லையா?

"பாட்டு கேட்டாலே சார்ஜ் இறங்கிடுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எதில் கேட்கிறீர்கள், திரை எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதைத்தான். ஏனென்றால் வெறும் பாட்டுக்காக போன் செலவழிக்கும் சார்ஜ் ரொம்பக் கம்மி. ஐபோன் 15-க்கு ஆப்பிள் கொடுத்திருக்கும் கணக்கையே பாருங்கள். போனில் ஏற்கனவே இருக்கும் வீடியோ என்றால் 20 மணி நேரம், நெட்டில் ஓடும் வீடியோ என்றால் 16 மணி நேரம், பாட்டு மட்டும் என்றால் 80 மணி நேரம். ஒரே போன், ஒரே பேட்டரி. கம்பெனி சொல்லும் கணக்கு அப்படியே நம் கையில் வராது, சரி. ஆனால் வீடியோவுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி நிஜமானது.

எம்பி3 ஆகட்டும், வேறு எதுவாகட்டும், ஒரு பாட்டு ஃபைலைப் பிரித்து ஒலியாக்குவது இன்றைய போனுக்கு ஒரு வேலையே இல்லை. சிப்புக்குள் டிஎஸ்பி என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-இல் பாட்டு ஓட்டும் வேலையை அதனிடம் ஒப்படைக்கும் வசதியை கூகுள் கொண்டுவந்தது. பிரதான பிராசஸர் பெரும்பாலான நேரம் தூங்கும், டிஎஸ்பி மட்டும் விழித்திருந்து பாட்டை ஓட்டும். இதனால் அப்போதைய நெக்ஸஸ் 5-இல் 60 மணி நேரம் வரை பாட்டு கேட்கலாம், பழைய முறையைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் என்று சொன்னார்கள். இத்தனைக்கும் அதன் பேட்டரி 2300 எம்ஏஎச் தான். இப்போது பலர் கையில் இருக்கும் போன்களில் 5000.

அப்புறம் சார்ஜ் எங்கேதான் போகிறது? எங்கள் அத்தை காலையில் யூடியூபில் பக்திப் பாட்டு போட்டு, போனை சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பார். பணம் கட்டாமல் பார்ப்பவர்களுக்குத் திரையை அணைத்தால் யூடியூபில் பாட்டும் நின்றுவிடும். அதனால் யாரும் பார்க்காத ஒரு சாமி படம் முழு வெளிச்சத்தில் மணிக்கணக்காக எரிந்துகொண்டே இருக்கும், அதற்கான வீடியோவும் நெட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். "பத்து மணிக்குள்ள பாதி சார்ஜ் போயிடுதுடா, புது போன் வாங்கிடலாமா?" என்றார். "போன் நல்லாத்தான் இருக்கு அத்தை" என்று சொல்லி செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் ஒவ்வொரு ஆப்பும் எத்தனை சதவீதம் தின்றிருக்கிறது என்று இருக்கும், பெயரைத் தட்டினால் திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். யூடியூப் மற்ற எல்லாவற்றையும்விட உச்சத்தில் நின்றது, அதுவும் முழுக்கத் திரை நேரம். அவருக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு மியூசிக் ஆப்பில் இறக்கிக் கொடுத்து, ஓட விட்டு, பக்கவாட்டு பட்டனை அழுத்திக் காட்டினேன். "அட, லைட்டு அணைஞ்சும் பாடுதே!" என்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்துக்காகவே இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மியூசிக் ஆப்பிலும் இதே கதை சின்ன அளவில் உண்டு. ஸ்பாட்டிஃபையில் சில பாட்டுகளுக்குப் பின்னால் 3 முதல் 8 விநாடி வீடியோ ஒன்று திரும்பத் திரும்ப ஓடும். கேன்வாஸ் என்று பெயர், செட்டிங்ஸில் அணைத்துவிடலாம்.

அடுத்தது சிக்னல். இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. வைகை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறீர்கள், ஜன்னலோர சீட், காதில் பாட்டு, திரையும் அணைந்திருக்கிறது, ஆனாலும் திண்டுக்கல் வருவதற்குள் சார்ஜ் பாதாளத்துக்குப் போயிருக்கிறது என்றால் காரணம் டவர். ரயில் ஓட ஓட போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வயல்வெளியில் டவர் தள்ளிப் போகப் போக, எட்டத்தில் இருப்பவரைக் கூப்பிடக் குரலை உயர்த்துவது மாதிரி போனும் தன் சிக்னலைக் கூட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. 4ஜியில் சாதாரண போன் அதிகபட்சம் சுமார் 200 மில்லிவாட் வரை போகும், அதை உண்டாக்க பேட்டரியிலிருந்து உறிஞ்சுவது அதைவிடப் பல மடங்கு. போதாததற்கு, ஒரு துண்டு பாட்டை இறக்கி முடித்த பிறகும் ரேடியோ உடனே தூங்காது, வேறு ஏதாவது வருமா என்று சில விநாடிகள் விழித்தே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி இறக்குவதைவிட மொத்தமாக ஒரே மூச்சில் இறக்குவது லாபம் என்பது இதனால்தான்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துவிடுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 144 எம்பி, எட்டு மணி நேரத்துக்கு 1.15 ஜிபி வருகிறது. இதையே வழியில் மொபைல் டேட்டாவில் கேட்டால், தினம் 1.5 ஜிபி பிளானில் இருப்பவருக்கு அன்றைய டேட்டாவில் முக்கால்வாசி காலி. டவுன்லோட் செய்த கையோடு ஏரோபிளேன் மோடில் போட்டால் சார்ஜ் இறங்குவதே தெரியாது, ஆனால் வீட்டிலிருந்து கால் வராது. அது ஒத்துவராது என்றால் மொபைல் டேட்டாவை மட்டுமாவது அணைத்து வையுங்கள்.

ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால் இயர்போனைவிட நிச்சயம் அதிகம் செலவாகும். ப்ளூடூத்தைப் பற்றிப் பயப்படத் தேவையே இல்லை, அது எடுப்பது சொற்பம். ஈக்குவலைசர், பேஸ் பூஸ்ட் மாதிரி ஆப்களைத்தான் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும், பல போன்களில் அவை இருந்தால் வேலை டிஎஸ்பியை விட்டு மறுபடி பிரதான பிராசஸர் தலையில் விழும்.

பாட்டே போடாமல் பாட்டுக் கணக்கில் சார்ஜ் போவதும் நடக்கும். 2015 அக்டோபரில் ஐபோனில் ஃபேஸ்புக் ஆப் பேட்டரியைத் தின்பதாகப் பெரிய புகார் கிளம்பி, கடைசியில் ஃபேஸ்புக்கே ஒத்துக்கொண்டு சரிசெய்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வீடியோ பார்த்துவிட்டு ஆப்பை விட்டு வெளியே வந்த பிறகும் அதன் ஆடியோ மூடப்படாமல், சத்தமே இல்லாமல் பாட்டு ஓடுவது போல ஆப் பின்னணியில் விழித்திருந்தது. ஆகவே நீங்கள் தொடாத ஒரு ஆப் பேட்டரி பக்கத்தில் பின்னணி நேரத்தோடு மேலே வந்து நின்றால், அப்டேட் பாருங்கள், பிறகும் அடங்கவில்லையா, எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு, 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு. நல்ல கடையில் பேட்டரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், புது போனுக்குக் கொடுப்பதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.