கடைசி நான்கு விநாடிகள்

தொண்டை கட்டிவிட்டது. தங்கை மகளின் கூடைப்பந்து அணி 47-48 என்று தோற்றுவிட்டது.

நான்கு விநாடி மீதி. எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. கூடைக்கு முன்னால் தங்கை மகள் இரண்டு கால்களையும் ஊன்றி, கைகளை மார்போடு சேர்த்து நின்றாள். எதிரணிப் பெண் நேராக வந்து நெஞ்சில் மோதினாள். இவள் அசையாமல் நின்றதால் தவறு மோதியவளுடையது, கண்ணிருப்பவர் யாரும் சொல்வார்கள். நடுவரோ இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் காட்டுகிறார்: இவள் மறித்தாளாம்! எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு), இரண்டும் உள்ளே.

பிறகு எங்கள் பெண்கள் நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்தும் வலையில் விழுந்தது. மணி அடித்தபோது அது கையிலா, காற்றிலா? நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கும் பலகையில் இல்லை, வீடியோவும் இல்லை. செல்லாது என்று கையை வீசிவிட்டார். (அதில் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.)

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் கடைசி மூன்று விநாடிகளைத் திரும்பத் திரும்ப ஆடவைத்தார்கள். சோவியத் அணி 51-50 என்று வென்றது. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தையே வாங்க மறுத்தார்கள். பெங்களூரு அல்சூருக்குத் திரும்பும் ஆட்டோவில் இதை நான் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, என் இடது கால் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது" என்றாள், ஷூ கயிற்றை அவிழ்த்தபடி.