தவக்கால வகுப்புக் குறிப்புகள்: முதலில் எதைக் கேட்பது?

மார்ச் 8, 2025, சனி

ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிக்கும் மூன்று ஊற்றுகள்: செயலின் பொருள், நோக்கம், சூழ்நிலை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் எண் 1750 முதல் 1754 வரை. ‘பொருள்’ என்றதும் சாமான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். திருட்டின் பொருள் பணம் அல்ல. பிறர் உடைமையை அவர் மனத்துக்கு மாறாக எடுப்பதுதான். “என்ன செய்கிறாய்?” என்று கேட்டால் மழுப்பாமல் வரும் பதிலே செயலின் பொருள்.

பணிப்பெண்ணின் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்து, அதையே பூசைக் காணிக்கையாகப் போடுபவரை எடுத்துக்கொள்வோம். நோக்கம் பக்தி, செயல் அநீதி. பக்தி அதை வெளுக்காது. பிடித்தது 50 வெள்ளியா 1,000 வெள்ளியா என்பதைப் பொறுத்துக் குற்றத்தின் கனம் கூடும், குறையும். குற்றம் குற்றமாகவே இருக்கும். மாறாக, தர்மம் நல்ல செயல். பேருக்காகச் செய்தால் அதுவும் கெடுகிறது.

மார்ச் 15, சனி

பயன்வாதம் விளைவைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது. திருச்சபையும் விளைவைப் பார்க்கிறது, ஆனால் முதலில் அல்ல. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் நமக்கு நெருக்கமானவர்போலத் தோன்றுவார்: பொய் எந்த நிலையிலும் கூடாது என்று 1797இல் வாதாடியவர். ஆனால் அவருக்கு அறத்தின் வேர் கடமை. இடைக்கால இறையியலாளர் புனித தோமா அக்குவினா தம் ‘இறையியல் சுருக்க’த்தின் அறப்பகுதியைப் பேரின்பத்தில் தொடங்குகிறார், மனிதச் செயல், உணர்ச்சி, நற்பண்பு எல்லாம் கடந்து 90ஆம் கேள்வியில்தான் சட்டத்துக்கு வருகிறார். கத்தோலிக்க அறம் என்றாலே தடைப் பட்டியல் என்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்கட்டும். இன்பத்திலும் நற்பண்பிலும் அறத்தைத் தொடங்கிய அரிஸ்டாட்டிலோடுதான் நமக்கு உறவு அதிகம்.

மார்ச் 22, சனி

மார்ஃபின், அதாவது கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து. நேரம் முழுவதும் இதற்கே போனது, போகட்டும்.

ஒரே செயலால் நன்மையும் தீமையும் வரும்போது அதைச் செய்யலாமா என்று பார்ப்பது இரட்டை விளைவு நெறி; அதற்கு நான்கு சோதனைகள். ஒன்று, செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது. இரண்டு, தீய விளைவை விரும்பக்கூடாது; அது தெரிந்தும் பொறுத்துக்கொள்ளப்படுவதாகவே இருக்க வேண்டும். மூன்று, நன்மை தீமையின் வழியாக வரக்கூடாது. நான்கு, தீமையைப் பொறுப்பதற்குத் தக்க காரணம் வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். வலி தீர மருந்து ஏற்றுவது ஒன்று. ஆள் இறந்தால் வலி தீரும் என்று ஏற்றுவது வேறு. ஊசி ஒன்று, சாவும் ஒன்றாகவே வரலாம். பிரித்தறிய ஒரு கேள்வி: வலி அடங்கி, நோயாளி இறக்காமல் இருந்தால் திட்டம் தோற்றதாக நினைப்பார்களா? இன்னொரு தடயம் அளவு. வலிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டி, அடங்கியதும் நிறுத்தினால் அது வைத்தியம்; அடங்கிய பிறகும் கூட்டினால் நோக்கம் வேறு. முறையாக ஏற்றிய மார்ஃபின் பெரும்பாலும் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதையும் பயந்திருக்கும் குடும்பங்களிடம் சொல்ல வேண்டும். வேறு வழி இல்லாதபோது ஆயுள் குறையும் ஆபத்து இருந்தாலும் வலி தணிக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957லேயே சொல்லிவிட்டார்.

நான்காவது சோதனையை மட்டும் பிய்த்தெடுத்து முழு அறமாக்கினால் விகிதவாதம். 1993இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘வெரித்தாத்திஸ் ஸ்ப்ளெந்தோர்’ சுற்றுமடலின் 79ஆம் எண்ணில் மறுத்தது அதைத்தான்.

மார்ச் 29, சனி

“ஏஎம்டியில் கையெழுத்துப் போடலாமா?” எதிர்பார்த்த கேள்விதான். ஏஎம்டி என்பது முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உத்தரவு. சிங்கப்பூரின் 1996ஆம் ஆண்டுச் சட்டம்; 21 வயதும் தெளிந்த மனமும் வேண்டும்; சாட்சிகள் இருவர், ஒருவர் மருத்துவர், சாவினால் இலாபம் பெறுபவர் சாட்சியாகக் கூடாது. குணமாகாத நோயின் இறுதியில் உயிரை வெறுமனே நீட்டும் அசாதாரணச் சிகிச்சை வேண்டாம் என்பதே படிவம். கருணைக்கொலைக்கு அது இடம் தரவில்லை. மறைக்கல்வியின் 2278ஆம் எண்ணும் சுமையான, பலனுக்கு ஒவ்வாத சிகிச்சையை விடலாம் என்கிறது. எனவே கையெழுத்திடலாம் என்பதே என் கருத்து.

குழாய் வழி உணவு வேறு கணக்கு. அது கொள்கையளவில் சாதாரணப் பராமரிப்பு என்று வத்திக்கான் 2007இல் விளக்கியது. உடல் அதை ஏற்காத நிலை வந்தால் கடமை நீங்கும். அந்த நிலை வந்துவிட்டதா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், சாமியாரிடம் அல்ல.