மார்ட்டின் நாளுக்கு முந்தைய ஞாயிறு: புடாபெஸ்ட் நாட்குறிப்பு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை புடாபெஸ்டின் பழைய அடுக்குமாடி வீடுகளில் படியேறினால் மாடிக்கு மாடி ஒரே வாசனைதான் வரும். ஹூஷ்லெவெஷ் என்கிற தெளிவான இறைச்சி சூப்பின் வாசனை அது. எங்கள் கீழ்வீட்டு நேனி எட்டு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். வயதில் மூத்த பெண்களை இங்கே எல்லோரும் நேனி என்றுதான் அழைப்பார்கள்.

இன்று அவர் சமையலறையில் சிறிது நேரம் நின்றிருந்தேன். கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் மெல்லச் சூடேற்றி, மேலே திரளும் நுரையை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கேரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு, முழு மிளகு, தோல் உரிக்காத ஒரு வெங்காயம். சூப்புக்குப் பொன்னிறம் தருவது அந்தத் தோல்தான். தளதளவென்று கொதிக்கவே கூடாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழுந்தால் போதும், மிஞ்சினால் கலங்கிவிடும். சூப் முடிந்ததும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, உருளைக்கிழங்கு, வினிகரில் ஊறிய வெள்ளரி, கடைசியில் கேக். இத்தனையும் அந்த ஒரு பெண்மணியின் கையால், வாரந்தவறாமல். மகளும் மருமகனும் பேரக்குழந்தைகளும் சாப்பிடும்போது அவர் அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவர் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு இரு குடும்பமும் சேர்ந்து வெளியே பஃபே சாப்பிடப் போகலாம் என்றேன். மகளுக்கு உடனே சம்மதம். நேனி மட்டும், “அங்கே சூப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது.

நவம்பர் 5, செவ்வாய்

நகரின் ஓபுடா பகுதியில் ஒரு பழைய உணவகத்தில் மேசை பிடித்தாயிற்று. பன்னிரண்டு முதல் மூன்று வரை. சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, பெரிய பிள்ளைகளுக்குப் பாதி.

என் கணவர் சைவம் என்பதால் தொலைபேசியிலேயே விசாரித்தேன். ஹங்கேரியச் சமையலில் இறைச்சித் துண்டு கண்ணில் படவில்லை என்பதற்காக ஒன்றைச் சைவம் என்று நம்பிவிட முடியாது. முட்டைக்கோஸ், பீன்ஸ், ஏன், உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். எண்ணெயில் செய்த காளான் பப்ரிகாஷ் (சிவப்பு மிளகாய்த்தூள் போட்ட குழம்பு) இருக்கிறது, பொரித்த பாலாடைக்கட்டி இருக்கிறது, தயிர்க்கட்டி நூடுல்ஸின் மேல் தூவும் பன்றித் துணுக்குகளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னார்கள். அந்தத் தனிக் கிண்ணத்துக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நவம்பர் 8, வெள்ளி

மத்தியச் சந்தைக்குப் போனேன். 1897இல் திறந்த கட்டடம், வண்ண ஓடு வேய்ந்த கூரை. பப்ரிகா எனும் சிவப்பு மிளகாய்த் தூள் வாங்கினேன், செகெத் ஊருடையது. கலோச்சா ஊர்த் தூளுக்கும் இதே அளவு பேர் உண்டு. இரண்டில் எது உயர்ந்தது என்று இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் அரைமணி நேரம் போய்விடும். வைட்டமின் சி ஆய்வுக்காக 1937இல் நோபல் பரிசு பெற்ற செந்த்-ஜ்யோர்ஜி, அந்தச் சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்ததும் செகெத் மிளகாயிலிருந்துதான்.

நம் வீட்டுப் பழக்கத்தில் சூடான எண்ணெயில் தூளைக் கொட்டிக் கிளறினால் இந்தத் தூள் தாங்காது. அதில் சர்க்கரை அதிகம், நொடியில் கருகிக் கசந்துவிடும். வெங்காயம் கண்ணாடிபோல் வதங்கியதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தூளைப் போட்டு ஒரு கிளறு, உடனே கொஞ்சம் தண்ணீர். நேனி சொல்லிக்கொடுத்த முறை இது.

நவம்பர் 10, ஞாயிறு

பத்தியானி சதுக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் போனோம். சிவப்பு வெள்ளைக் கட்டம்போட்ட மேசைவிரிப்பு, மூலையில் குழந்தைகளுக்கு விளையாட்டு இடம், சுவரோரம் நீள மேசையில் உணவு.

நாளை புனித மார்ட்டின் நாள். மார்ட்டின் பிறந்த, ரோமானியர் கால ஊரான சவாரியா இன்றைய சொம்பத்ஹெய் நகரம்தான். தன்னைத் திருச்சபையின் ஆயராக (பிஷப்பாக) ஆக்கிவிடுவார்களே என்று வாத்துகளுக்கிடையே ஒளிந்தவரை அவற்றின் சத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது என்பது கதை. மார்ட்டின் நாளில் வாத்து சாப்பிடாதவர் ஆண்டு முழுக்கப் பசித்திருப்பார் என்று நேனி கதையை முடித்ததும் என் மகன் அவசரமாகத் தட்டைத் தேடினான்.

முதலில் சூப். ஒரு பானையில் வாத்து சூப், இன்னொன்றில் குயாஷ். வெளிநாட்டவர் கெட்டியான குழம்பை எதிர்பார்த்து வருகிறார்கள். இங்கே குயாஷ் என்பது கரண்டியால் குடிக்கும் சூப். கெட்டிக் குழம்பு வேண்டுமென்றால் பொர்கொல்ட் எடுக்க வேண்டும். நூடுல்ஸைச் சூப்பில் ஊறவிடாமல் தனியாக வைத்திருந்தார்கள். பேத்தி ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்ததும் நேனி கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவு சரி. பார்ஸ்லி வேர் போதாது என்றார். ஆனால் கிண்ணம் காலியாயிற்று, இரண்டாவதும் கேட்டார்.

பஃபே என்றாலே எனக்கு இருந்த சந்தேகம், உணவு காத்திருந்து கெட்டுவிடும் என்பது. ஹங்கேரிய விருந்தில் பாதிக்கும் மேல் காத்திருக்கக்கூடியவை. பொர்கொல்ட், அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் எல்லாம் நேரம் ஆக ஆகச் சுவை கூடுபவை. முட்டைக்கோஸ் சுருளை மறுநாள்தான் சாப்பிட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களே உண்டு. காத்திருக்க முடியாதவை நொகெட்லி என்கிற சிறு மாவுருண்டைகளும் பொரித்த இறைச்சியும். நொகெட்லி ஆறினால் ஒட்டிக் கட்டியாகும், இறைச்சியின் மொறுமொறுப்பு ஆவியில் நமுத்துப்போகும். இங்கே அந்த இரண்டையும் சின்னத் தட்டுகளில் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வாத்துக்கால் தோல் முறுகலாக வந்தது, பக்கத்தில் கேரவே எனும் சீமைச் சீரகம் போட்டு வேகவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். வாத்துக்கொழுப்பில் செய்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்ததால் கணவர் விலகிக்கொண்டு, காளான் பப்ரிகாஷுக்குத் திரும்பினார். அது அருமை. மேலே ஊற்றிய புளித்த பாலாடை பப்ரிகாவின் காரத்தை மெல்ல அடக்கியிருந்தது.

பெரியவர்களுக்குப் புதுத் திராட்சை மது, பிள்ளைகளுக்கு ராஸ்பெரி சர்பத். ஒரு சமையல்காரர் கண்ணெதிரே பலசிந்தா என்கிற மெல்லிய அப்பம் வார்த்துக்கொண்டிருந்தார். ஜாமா, கோகோவா, தயிர்க்கட்டியா என்று ஒவ்வொரு குழந்தையிடமும் குனிந்து கேட்டார். அந்த வரிசை கடைசிவரை குறையவில்லை. நான் டோபோஷ் கேக்குக்கு இடம் வைத்திருந்தேன். யோஷெஃப் டோபோஷ் 1885ஆம் ஆண்டு கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது: மெல்லிய அடுக்குகள், நடுவே சாக்லேட் வெண்ணெய், மேலே கண்ணாடிபோல் உடையும் சர்க்கரைப் பாகு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பல நாள் தாங்கும்படி செய்த கேக் அது.

மூன்று மணிவரை நேனி எழுந்திருக்கவே இல்லை. எது வேண்டும் என்று பேரக்குழந்தைகளை ஏவினார், அவர்கள் ஓடி ஓடிக் கொண்டுவந்தார்கள். அவருடைய மகள் என்னிடம் மெதுவாக, “அம்மா சூடாகச் சாப்பிடுகிறாள்” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

நவம்பர் 11, திங்கள்

மாலையில் மகனின் மழலையர் பள்ளியில் மார்ட்டின் நாளுக்கான காகித விளக்கு ஊர்வலம். கூட வந்த இரண்டு அம்மாக்கள் நேற்றைய உணவகத்தைப் பற்றி விசாரித்தார்கள். சொன்னதை இங்கும் எழுதிவைக்கிறேன். பன்னிரண்டுக்கே போய்விடுங்கள், இரண்டுக்குமேல் பொரித்தவற்றின் தட்டுகளை அவ்வளவு வேகமாக மாற்றுவதில்லை. சூப்பில் தொடங்குங்கள். ஊறுகாயைத் தவிர்க்காதீர்கள், வாத்தின் கொழுப்புச் சுவையைச் சமன்செய்வது அதுதான். சைவமென்றால் எந்தக் கொழுப்பில் செய்தது என்று முன்பே கேளுங்கள். வீட்டில் வயதான சமையல்காரி இருந்தால் சுவரோரமாக, எளிதில் எழுந்து போக முடியாத நாற்காலியை அவருக்குக் கொடுங்கள்.